இமயமலைக்கு அடியில் இருந்த ஆள்

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்துப் பிழைகளை லேக் மார்க்கெட் மளிகைக் கடைக்காரர் பார்த்துத் திருத்தித் தந்திருக்கிறார். அவர் படித்தது எட்டாம் வகுப்பு. அதற்குப் பிறகும் பிழை இருந்தால் எங்கள் இருவரையும் சேர்த்து மன்னித்துவிடுங்கள்.

வங்காள மொழி சரளமாகப் பேசுவேன், எழுத வராது. அதனால் தமிழில் எழுதுகிறேன். புதிதாகச் சேர்ந்திருப்பவர்களில் நீங்கள் இருவர், ஒருவர் திண்டுக்கல், ஒருவர் தூத்துக்குடி, இதைப் படிக்க முடியும். மற்றவர்களுக்கு நீங்களே வாயால் சொல்லிவிடுங்கள். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது என்பது உங்களுக்குத் தெரியும். என்னை வழியனுப்பிய அன்று சந்தேஷ் இனிப்புத் தட்டை வைத்துக்கொண்டு, "அண்ணே, மூணு மேசையில நடு மேசைக்கு மட்டும் ஏன் கீழே துணி தொங்கல?" என்று கேட்டீர்கள். நான் தட்டைப் பார்த்தபடி நின்றேன். அதற்கான பதில்தான் இது.

நம் அறிவியல் அருங்காட்சியகத்தின் பூமிக் கூடத்தில் இருக்கும் மூன்று மேசைகளும் மூன்று எல்லைகள். பூமியின் மேல் ஓடு ஒரே துண்டு அல்ல, பல தட்டுகளாகக் கிடக்கிறது, தட்டுகள் நகர்கின்றன, இரண்டு தட்டுகள் சந்திக்கும் ஓரத்தில்தான் எல்லா ரகளையும் நடக்கிறது. முதல் மேசையில் தட்டுகள் விலகும். நடுவில் பிளவு விழும், அதன் வழியாகச் சிவப்புக் களிமண் மேலே வரும். கடலுக்கடியில் புதுத் தரை பிறப்பது அப்படித்தான். மூன்றாம் மேசையில் இரண்டு தட்டுகளும் உரசிக்கொண்டு எதிரெதிர்ப் பக்கம் போகும். மேலே ஒரு பொம்மை வேலி இருக்கும். ரொம்ப நேரம் ஒன்றுமே நடக்காது. பிறகு சடக்கென்று வேலி இரண்டாக விலகும். அது நிலநடுக்கம்.

நடு மேசைதான் மோதல். கண்ணாடிப் பெட்டிக்குள் கறுப்பு, சிவப்பு, வெள்ளை என்று மணல் அடுக்குகள். தெற்குப் பக்கத்துப் பலகை இந்தியா. அது வடக்கே நகர நகர, அடுக்குகள் மடிந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறி இமயமலை எழும். எப்போது பார்த்தாலும் கூட்டம் அங்கேதான். விலகுவதைப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. மோதல் என்றால் பள்ளிப் பிள்ளைகள் முதல் பென்ஷன்காரர்கள் வரை கண்ணாடியில் மூக்கை ஒட்டுவார்கள்.

அந்த மேசைக்கு ஆரம்பத்தில் மோட்டார் இருந்தது. பொத்தானை அழுத்தினால் நாலு செகண்டில் மலை எழுந்து, ஐந்தாவது செகண்டில் மணல் முழுவதும் பார்வையாளர் சட்டையில் இருக்கும். எலக்ட்ரிக்கல் செக்‌ஷன் வந்து பார்த்து, மோட்டார் நன்றாக இருக்கிறது, பல்சக்கரம்தான் கோளாறு என்றது. மெக்கானிக்கல் செக்‌ஷன் வந்து பார்த்து, பல்சக்கரம் நன்றாக இருக்கிறது, மோட்டார்தான் கோளாறு என்றது. இரண்டும் உரசிக்கொண்டு எதிரெதிர்த் திசையில் போயின. மூன்றாம் மேசை போலவே அங்கேயும் எதுவும் பிறக்கவில்லை, எதுவும் அழியவில்லை.

அப்போதுதான் மேடம் என்னிடம் வந்தார். பெயர் எழுத வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. இங்கே கொல்கத்தா பவானிபூரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவர், கல்லும் மண்ணும் படித்துப் பெரிய பட்டம் வாங்கியவர். இந்தக் கூடமே அவர் யோசனை. ஆனால் வேலை ஒப்பந்த வேலை. ஆண்டுக்கு ஒருமுறை டைரக்டர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த ஆண்டு உண்டு. நானோ பார்வையாளர்களின் பைகளை வாங்கி வைத்து டோக்கன் கொடுக்கிறவன், ஆனால் நிரந்தரம். மலை எப்படி எழுகிறது என்று தெரிந்தவர் தற்காலிகம், பைக்கு டோக்கன் கொடுப்பவன் நிரந்தரம். இந்த ஏற்பாட்டை யார் செய்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"மணிதா," என்றார். இங்கே அண்ணனை தாதா என்பார்கள், பெயரோடு ஒட்டும்போது அது 'தா' ஆகிவிடும். "மணிதா, மோட்டார் ரெடி ஆகற வரைக்கும் கொஞ்ச நாள் நீங்க கையால சுத்துங்களேன்."

"எனக்கு என்ன மேடம் தெரியும்?"

"நீங்க லேக் மார்க்கெட் மெஸ்ல மாவாட்டினவர்தானே? ஒரே சீரா சுத்துற கை இந்த ஆபீஸ்ல வேற யாருக்கு இருக்கு? எல்லாருக்கும் கையெழுத்துப் போடற கைதான் இருக்கு."

அப்படித்தான் நான் இமயமலைக்கு அடியில் போனேன். ஒன்று மட்டும் தனியாகத் தெரியக் கூடாது என்று மூன்று மேசைகளையும் சுற்றிக் கறுப்புத் துணி தொங்கவிட்டார்கள். நடு மேசைக்குள் ஒரு மணை, ஒரு கைப்பிடி, நான். வெளியே மேடம் பேசிக்கொண்டே செருப்பு முனையால் மேசைக் காலில் ஒரு தட்டு தட்டினால் சுற்ற வேண்டும். இரண்டு தட்டு தட்டினால் நிறுத்த வேண்டும். மேலே பலகையில் 'தானியங்கி மாதிரி' என்று எழுதியிருந்தது. ஆண்டறிக்கையிலும் தானியங்கி. பதிவேட்டில் நான் பைகளின் அருகில். கொஞ்ச நாள் என்றது பதினோரு வருடம் ஆயிற்று.

முதல் வாரமே ஒரு தப்புச் செய்தேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். துணிக்கு அந்தப் பக்கமிருந்து கைதட்டல் கேட்டால் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது, வாழ்க்கையில் யாரும் எனக்குக் கைதட்டியதில்லை. வேகமாகச் சுற்றினேன். மலை சரிந்து திபெத் பக்கம் கொட்டியது. பிள்ளைகள் போன பிறகு மேடம் துணியைத் தூக்கி, குனிந்து பார்த்தார்.

"அஞ்சு கோடி வருஷ வேலை, மணிதா. லஞ்சுக்கு முன்னாடி முடிக்கணும்னு யாரும் சொல்லல."

அன்றிலிருந்து கைதட்டல் கேட்டால் வேகத்தைக் குறைப்பேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். கைதட்டுபவர்களுக்கு மணலின் மனசு தெரியாது.

இன்னொன்றும் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கடல் தட்டும் கண்டத் தட்டும் மோதினால் கடல் தட்டுதான் கனம், அது கீழே போய்விடும். கண்டமும் கண்டமும் மோதினால் இரண்டுமே கீழே போக மறுக்கும், அதனால்தான் மலை. இதைக் கேட்டதும் எனக்கு ஆபீஸ் புரிந்துவிட்டது. இரண்டு அதிகாரிகள் மோதினால் யாரும் இறங்க மாட்டார்கள், நடுவில் ஃபைல் மலையாக உயரும். அதிகாரியும் என்னைப் போன்றவனும் மோதினால் கேள்வியே இல்லை, நான்தான் கீழே. இதை மேடத்திடம் சொன்னேன்.

"அப்போ கீழ போன தட்டு உருகித்தான் எரிமலையா வெளியே வருதா, மேடம்?"

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க. கீழ போனது பெரும்பாலும் உருகறதில்ல, மணிதா. அது தண்ணியை விடும். அந்த ஈரம் பட்டு மேல இருக்கிற பாறைதான் உருகும்."

"கீழ போனவனுக்கு ஒண்ணும் ஆகாதா?"

"ஆகும். ஆனா மொதல்ல வேர்க்கறது மேல இருக்கிறவருக்கு," என்று சிரித்தார்.

இனி மணலுக்கு வருகிறேன். உங்கள் ஊர் வெயிலில் மணல் தானாகக் காயும். கொல்கத்தா மழைக்காலத்தில் காற்றையே பிழிந்து குடிக்கலாம். ஈர மணல் மடியாது, அப்படியே கட்டியாகத் தூக்கிக்கொள்ளும். இமயமலைக்குப் பதில் ஹவுரா பாலம் மாதிரி ஒன்று நிற்கும். இதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். நம் பின்வாசல் சந்தில் ஒரு மாஷி, நம் ஊரில் சித்தி என்கிற மாதிரி, பொரி வறுக்கிறாள், பார்த்திருப்பீர்கள். சூடான மணலில் அரிசியைப் போட்டுப் புரட்டுவாள், அது பொரிந்து, இங்கே முரி என்கிற பொரி ஆகும். அவள் அடுப்பில், அவள் வாணலியில், நம் மூன்று மணலையும் தனித்தனியாக வறுத்து வாங்கி வருவேன். இமயமலை வறுக்க வந்துட்டான் பாரு என்று சந்தே சிரிக்கும். திரும்பி வந்ததும் சல்லடையில் சலிக்க வேண்டும். தவறாமல் சலிப்பேன். ஒரே ஒரு நாள் தவிர.

அந்த நாள் பெரிய இடத்திலிருந்து ஒரு விருந்தினர் வந்தார். யார் என்பது வேண்டாம், கார் மேல் சிவப்பு விளக்கில்லாத இந்தக் காலத்திலும் அவர் வந்தால் தெரு நிற்கும். மழை விடாமல் பெய்தது. அதே நாளில்தான் மேடத்தின் ஒப்பந்தத் தாள் டைரக்டர் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. மாலைக்குள் போடாவிட்டால் அவருக்கு வேலை இல்லை. அதற்கு முந்தைய மாதம்தான் ஒரு கூட்டத்தில் டைரக்டர், "இமயமலை இன்னும் கொஞ்சம் உயரமா வரணும்" என்று சொல்ல, மேடம், "அதுக்கு மணல்கிட்டத்தான் சார் கேக்கணும்" என்று சொல்லிவிட்டிருந்தார். கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். சிரித்தவரை டைரக்டர் மறந்துவிட்டார், மேடத்தை மறக்கவில்லை.

விருந்தினர் ஒரு மணி நேரம் முன்னதாகவே வருகிறார் என்று தகவல் வந்தது. நான் வாணலியிலிருந்து மணலோடு ஓடி வந்தேன். சல்லடை ஸ்டோரில் பூட்டிக் கிடந்தது. ஸ்டோர் கீப்பர் சாவியோடு வாசல் வரிசையில் பூங்கொத்துப் பிடித்து நின்றார். நிற்கும் இடத்தை விட்டால் பக்கத்து ஆள் முன்னால் வந்துவிடுவார் என்று அவர் நகரவே இல்லை. ஒரு நாள் சலிக்காவிட்டால் என்ன ஆகிவிடும் என்று நான் கையால் துழாவிப் பார்த்துவிட்டு, வெள்ளை மணலை மேல் அடுக்காகப் போட்டேன். அந்த 'என்ன ஆகிவிடும்' என்னுடையது. சாவி வைத்திருந்தவருடையது அல்ல.

துணிக்குள் போனால் வெளியே எனக்குத் தெரிவது செருப்புகள் மட்டும். டைரக்டரின் பளபளக்கும் கறுப்பு பூட்ஸ் வந்தது. பக்கத்தில் விருந்தினரின் வெள்ளைச் செருப்பு, பின்னால் ஒரு கூட்டம். மேசைக் கால் அருகே மேடத்தின் பழுப்பு வார்ச் செருப்பு. எல்லோரும் வங்காள மொழியில்தான் பேசினார்கள், உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

"சார், இந்தப் பொத்தானை அழுத்துங்க. மத்ததெல்லாம் தானா நடக்கும். மனுஷக் கையே படாது," என்றது கறுப்பு பூட்ஸ்.

ஒரு தட்டு. சுற்றினேன். மணல் அன்று மனசு வைத்து மடிந்தது, கைப்பிடியிலேயே தெரிந்தது.

"ஆகா, ஏறுது, ஏறுது! தார்ஜிலிங் எங்கே வரும்?"

"சரியா உங்க கைக்கு நேரா, சார்!"

இரண்டு தட்டு. நிறுத்தினேன். கைதட்டல். உச்சியில் வெள்ளை மணல் சரிந்து இறங்கும் சரசரப்பு கேட்டது. கைதட்டல் நின்றது.

"உச்சியில என்னமோ நிக்குதே?"

"பனி, சார்."

"பனி ஒரே ஒரு மணியாவா விழும்?"

கறுப்பு பூட்ஸ் ஒருமுறை கால் மாற்றி நின்றது. "ஃபாசில், சார். கடல் நத்தை. இமயமலை ஒரு காலத்துல கடலுக்கு அடியில இருந்துச்சு இல்லையா? அதையும் மாதிரியில காட்டறோம்."

இதில் பாதி உண்மை என்பதுதான் விஷயம். இமயமலை மேல் கடல் உயிர்களின் கல் அச்சு கிடைக்கும், சாளக்கிராமம் அப்படி வந்ததுதான் என்று மேடமே எனக்குச் சொல்லியிருக்கிறார். ஆனால் உச்சியில் நின்றது என்ன என்று துணிக்குள்ளிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

"எவ்வளவு பழசு?"

"கோடிக்கணக்கான வருஷம், சார்."

காலை எட்டு மணிக்கு மாஷி வறுத்தது.

"பிரமாதம். மாடியில பேசும்போது இதைச் சொல்றேன். மேடம், நீங்கதானே நிபுணர்? இந்த நத்தைக்குப் பேர் என்ன?"

கறுப்பு பூட்ஸ் மேடம் பக்கம் திரும்பியது. "சொல்லுங்க மேடம், சொல்லுங்க," என்று டைரக்டர் தேன் மாதிரிக் கேட்டார். ஏதோ ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாம். லத்தீனில் நாலு எழுத்தைச் சேர்த்திருந்தால் மாலையில் கையெழுத்து விழுந்திருக்கும். பழுப்புச் செருப்பு அரை அடி முன்னால் வந்தது.

"சார், இமயமலையில கடல் உயிர்களோட ஃபாசில் நிஜமாவே கிடைக்கும். ஆனா இது முரி."

"முரியா? நம்ம முரியா?"

"மேடம் எப்பவும் வேடிக்கையாப் பேசுவாங்க, சார்." பிறகு டைரக்டரின் குரல் தணிந்தது. "மூடின தானியங்கிப் பெட்டிக்குள்ள முரி எப்படி வந்துச்சு? பெட்டி யார் பொறுப்பு? உங்க பொறுப்புதானே?"

மேசைக் காலில் இரண்டு தட்டு விழுந்தது. நான்தான் ஏற்கெனவே நிறுத்திவிட்டேனே என்று நினைத்தேன். மறுபடி இரண்டு தட்டு. அப்போதுதான் புரிந்தது. கைப்பிடிக்காகத் தட்டவில்லை. எனக்காகத் தட்டினார். வெளியே வராதே என்கிறார்.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, வராமல் இருக்கத்தான் எனக்கும் ஆசை. நான் உள்ளே இருந்தால் பதிவேட்டின்படி அங்கே யாருமே இல்லை. நான் நிரந்தரம், என்னை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் பயம் வேலையைப் பற்றியது அல்ல. வெளியே முப்பது ஜோடிச் செருப்பு நின்றது. ஒவ்வொரு ஜோடிக்கும் மேல் ஒரு முகம் இருக்கும். அத்தனை முகத்தை என் வாழ்நாளில் நான் எதிர்கொண்டதில்லை.

துணியைத் தூக்கிக்கொண்டு தவழ்ந்து வெளியே வந்தேன். துணி தலையில் முக்காடு மாதிரி மாட்டிக்கொண்டது.

"யாருப்பா நீ?" என்றார் விருந்தினர்.

டைரக்டர் முந்திக்கொண்டார். "பை வாங்கி வைக்கிற ஆள், சார். வழி தவறி..."

"மேசைக்கு அடியில என்ன பண்றே?"

"இமயமலை, சார்," என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

தொடங்கிவிட்டதால் மீதியையும் சொல்லிவிட்டேன். "மணலை வறுத்த வாணலியில முரி இருந்துச்சு. சலிக்காம போட்டது நான்தான் சார். மேடத்துக்குத் தெரியாது."

"அப்போ நான் அழுத்தின பொத்தான்?"

"அது எதோடயும் சேரல, சார். நீங்க அழுத்தினா மேடம் காலால தட்டுவாங்க. நான் சுத்துவேன்."

டைரக்டரைப் பார்த்தேன். நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு வழியாக டை மேல் சொட்டியது. ஈரம் மேலே போய்விட்டது.

விருந்தினர் வயிறு குலுங்கச் சிரித்தார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார், கை முழுக்க மணல். படம் எடுத்தார்கள். பிறகு மேடம் அலமாரியிலிருந்து நிஜமான கல் நத்தை ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். கடல் தரை எப்படி மலை உச்சிக்குப் போனது என்று சொல்லத் தொடங்கினார். டீயில் ஆடை படியும்வரை அவர் நின்று கேட்டார். அப்புறம் மாடியில் பேசும்போது அவர் சொன்னதைத்தான் இன்றும் என்னால் நம்ப முடியவில்லை. எல்லாரும் இயந்திரத்தின் பின்னால் ஓடும் காலத்தில், இமயமலையை மனிதக் கையால் எழுப்ப வேண்டும் என்று நினைத்த இந்த டைரக்டர் அபூர்வமான அதிகாரி என்று பாராட்டினார். டைரக்டர் தலை குனிந்து ஏற்றுக்கொண்டார். அந்தத் தாழ்மை அவருக்குப் பொருத்தமாகவே இருந்தது.

மாலை நாலரைக்கு மேடத்தின் தாளில் கையெழுத்து விழுந்தது. அடுத்த வாரம் நடு மேசைத் துணியைக் கழற்றினார்கள், பலகையை 'மனிதக் கையால் இயங்குவது' என்று மாற்றினார்கள். படத்தைத் தாழ்வாரத்தில் மாட்டியிருக்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். விருந்தினர் சிரிக்கிறார், டைரக்டர் சிரிக்கிறார், ஓரத்தில் சட்டத்துக்கு வெளியிலிருந்து ஒரு கை மட்டும் நீண்டிருக்கிறது. மணல் ஒட்டிய கை. அது என்னுடையது.

விருந்தினர் பாராட்டியதெல்லாம் நிர்வாகப் பிரிவுக்கு எட்டவில்லை. அவர்கள் தனித் தட்டு. அங்கிருந்து எனக்கு ஒரு தாள் வந்தது. முன் அனுமதி இல்லாமல் மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்தது ஏன், மூன்று நாளுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தரவும். மேடம், "நான் எழுதித் தரேன் மணிதா" என்றார். வேண்டாம், நானே எழுதுகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் எழுத்து வரவில்லை. அவர்களும் கேட்கவில்லை. இப்போது முழங்கால் மடங்க மறுத்து, விருப்ப ஓய்வு வாங்கி வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

நம் விரல் நகம் வளரும் வேகத்தில்தான் இந்தியா வடக்கே போகிறது என்று மேடம் பிள்ளைகளிடம் சொல்வார். இதை எழுதத் தொடங்கிய பிறகு நான் ஐந்து முறை நகம் வெட்டிவிட்டேன். தாமதத்துக்கு மன்னிக்கவும். சல்லடையை ஸ்டோரில் வைக்காதீர்கள், மேசைக்கு அடியில் வையுங்கள். நிர்வாகப் பிரிவிலிருந்து யாராவது என் விளக்கத்தைக் கேட்டால், இதற்குக் கீழே எழுதியிருப்பதைக் காட்டுங்கள்.

விளக்கம்: மேடம் இரண்டு தட்டு தட்டினார். எனக்குக் கேட்டது. நான் நிற்கவில்லை.

கொல்கத்தா
ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை